கோபிசெட்டிபாளையத்தின் ‘ம்’

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறேன். விவசாயிகளுக்குக் கொடுக்கும் விற்பனைச் சீட்டு, மாதக் கடைசியில் முதலாளிக்குப் போகும் பட்டியல் இரண்டையும் 2017 முதல் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற, கடிதம், ஆவணம் தட்டச்சு செய்யும் இலவச மென்பொருளில்தான் தயாரிக்கிறேன். கணக்குக்கு அதே தொகுப்பில் கால்க் என்ற விரிதாள் செயலி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் சீட்டில் எண்களுக்கு மேலும் கீழும் நாலு வரி விவரம் இருக்கும். பார்க்கக் கடிதம் போலவும் இருக்க வேண்டும்.

முதல் வருடம் ஊர்ப் பெயர்களோடு மல்லுக்கட்டியே கழிந்தது. அட்டவணையின் குறுகலான கட்டத்தில் ‘கோபிசெட்டிபாளைய’ வரை ஒரு வரியில் நிற்கும், ‘ம்’ மட்டும் கீழே குதித்துவிடும். எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். சிவகிரியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய், “அம்மணி, இதை எறும்புதான் படிக்க வேண்டும்” என்றார்.

அதற்குப் பிறகுதான் சுட்டியை விட்டு விசைப்பலகைக்கு வந்தேன். கட்டத்துக்குள் நின்று ஆல்ட் விசையோடு வலது அம்புக்குறியைத் தட்டினால் நெடுவரிசை கொஞ்சம் கொஞ்சமாக அகலும். அப்போது பக்கத்து நெடுவரிசை மட்டும் சுருங்க வேண்டுமா, அட்டவணை முழுவதும் விகிதப்படி மாற வேண்டுமா, அட்டவணையே அகல வேண்டுமா என்பதை அமைப்புகளில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். நான் முதலாவதைத்தான் வைத்திருக்கிறேன். மூட்டைக்கு இரண்டு இலக்கம் போதும். அங்கே மிச்சமாகும் இடம் ஊருக்குப் போகட்டும்.

அட்டவணையின் மொத்த அகலத்தை மாற்றும் பெட்டி பல மாதம் மங்கியே கிடந்தது. ஏதோ பழுது என்றே நினைத்திருந்தேன். அட்டவணைப் பண்புகளில் சீரமைப்பு ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கும்வரை அது ஓரத்திலிருந்து ஓரம்வரை விரிந்துதான் நிற்கும். ‘இடது’ என்று மாற்றியதும் பெட்டி திறந்தது. ஒரு சொடுக்கு வேலைக்கு அத்தனை மாதம்!

மாசியில் வரத்து கூடினால் பட்டியல் நாலைந்து பக்கம் போகும். எங்கள் தலைப்பு இரண்டு வரிசை: மேலே மஞ்சளின் வகைகளான விரலி, கிழங்கு, கீழே மூட்டை, எடை, குவிண்டால் விலை. அடுத்த பக்கத்தில் மேல் வரிசை மட்டும் வந்ததால் எந்த எண் எடை, எந்த எண் விலை என்று முதலாளி குழம்பினார். ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’ பகுதியில் திரும்ப வரவேண்டிய வரிசைகள் 1 என்று இருந்ததை 2 ஆக்கினேன். கூடவே, ஒரு வரிசை இரண்டு பக்கங்களாக உடைவதற்கான அனுமதியையும் எடுத்துவிட்டேன்.

கட்டங்களை இணைப்பதை மட்டும் அடியோடு விட்டுவிட்டேன். அழகுக்காக இணைத்த தலைப்புக்குக் கீழே இடையில் ஒரு நெடுவரிசை சேர்க்கப்போய் அரைநாள் வீணானது. இப்போது பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டு நடுக்கோட்டை அழித்துவிடுகிறேன். பார்ப்பவருக்கு ஒரே கட்டம்தான்.

தீராத தொல்லை ஒன்று உண்டு. தணிக்கையாளர் வேறு செயலியில் திறந்தால் கோடுகள் இடம் மாறிவிடுகின்றன. அவருக்குப் பிடிஎஃப் அனுப்புகிறேன். திருத்தம் இருந்தால் தொலைபேசியில் சொல்கிறார்.