வெள்ளைத் தவளைக்கு வாங்கியவை: எதற்குக் காசு தகும்?

மீன் கடைகளில் 'அல்பினோ ஃபிராக்' என்று விற்கிறார்களே, அது ஆப்பிரிக்க நகத்தவளை. கடைசிவரை தண்ணீரிலேயே வாழும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15 வருடம்கூட இருக்கும். ஒரு காலத்தில் இதற்குப் பெண்களின் சிறுநீரை ஊசியில் ஏற்றித்தான் கர்ப்பமா என்று பார்த்தார்களாம். கோவையில் ஒன்றைச் சில வருடங்களாக வளர்க்கிறேன்.

என்னைக் கேட்டால் முதல் செலவு ஃபேன். தொட்டி வாங்கும்போதே ஹீட்டரையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். இதற்கு 18 முதல் 22 டிகிரி வரை சுகம். நம் ஊர் ஏப்ரலில் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தொடும். கிளிப் மாட்டும் சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் வீசும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்குகிறது. சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் இந்த அளவு இறங்காது. ஐஸ் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. குளிர்ச்சி சட்டென்று வந்து சட்டென்று போகும். ஃபேனில் ஒரு தொல்லை, தண்ணீர் வேகமாக வற்றும். வற்றியதை மட்டும் நிரப்பிக்கொண்டே இருந்தால் உப்பும் கழிவும் தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும், அதனால் வாராவாரம் கொஞ்சம் மாற்றியே ஆக வேண்டும். மூடி கண்ணாடியாக இருந்தால் காற்று போகாது. கம்பி வலை போட்டு கிளிப்பால் இறுக்குங்கள். நன்றாகக் குதிக்கும் பிராணி இது.

ஃபில்டரில் ஸ்பாஞ்ச்தான் ஜெயித்தது. தவளையின் இரு பக்கமும் தையல் போட்டது போல வெள்ளைக் கோடுகள் ஓடும். தண்ணீரின் அசைவை அது உணர்வது அவற்றால்தான். பவர் ஃபில்டரின் வேகத்தில் மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தது. ஸ்பாஞ்சுக்கு மாற்றியதும் தொட்டி முழுக்கச் சுற்றுகிறது. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், குளோரின் பட்டால் கழிவைத் தின்னும் பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும். கரண்ட் போனாலும் பதற வேண்டாம், மேலே வந்து மூச்சு விட்டுக்கொள்ளும்.

குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் கட்டாயம், ஏனென்றால் இதன் தோல் தண்ணீரில் உள்ளதை எல்லாம் உறிஞ்சும். கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியாவை அளக்கும் டெஸ்ட் கிட் விலைதான் கொஞ்சம் உறுத்தியது, ஆனாலும் வாங்கலாம். தண்ணீர் தெளிவாகத் தெரிவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கலர் கல் வேண்டவே வேண்டாம். இதற்கு நாக்கு கிடையாது. இரண்டு கையாலும் வாரி வாய்க்குள் தள்ளும். அதில் கல்லும் போனால் குடல் அடைத்துக்கொள்ளும். அடியை வெறுமையாக விட்டு, ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டியைக் கவிழ்த்தால் சரி.

தீனிக்கு மூழ்கும் பெல்லட், இடையிடையே மண்புழு. உரத்தொட்டியின் சிவப்புப் புழுவைக் கவ்விய வேகத்தில் துப்பிவிட்டது, அதன் கசப்பு ஒத்துக்கொள்ளவில்லை போல. தோட்டத்து மண்புழுவை நறுக்கிப் போட்டால் நிமிடத்தில் காலி. வளர்ந்த தவளைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். அழகுக்கு என்று கூடவே சின்ன மீன் விட்டால் அதுவும் தீனிதான். தோலை உரித்துத் தானே தின்பதைப் பார்த்துப் பயந்து மருந்து ஊற்றிவிடாதீர்கள், அது வழக்கம்தான்.

அப்புறம், ஆண் தவளை இரவில் தண்ணீருக்குள்ளிருந்தே கடகடவென்று சத்தம் போடும். எங்கள் வீட்டில் தொட்டியைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றியாயிற்று.