ஓட ஆரம்பித்து ஓராண்டு: மூச்சு முந்திக்கொண்டது, கால் பின்தங்கியது

முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம் போனேன். இப்போது வாரத்துக்கு நான்கு நாள், மொத்தம் 32 கிலோமீட்டர் ஓடுகிறேன். இடையில் ஒரு அரை மாரத்தானையும், அதாவது 21.1 கிலோமீட்டரையும், முடித்துவிட்டேன். இந்த ஆண்டில் இரண்டு முறை அடிபட்டது. அந்த இரண்டையும் பற்றித்தான் அதிகம் சொல்ல நினைக்கிறேன்.

முதல் அடி மூன்றாம் மாதத்தில். அதுவரை மூச்சிரைத்த தூரம் திடீரென்று சுலபமாகிவிட்டது. பேசிக்கொண்டே ஓட முடிந்தது. அந்த மகிழ்ச்சியில் வாரம் 15 கிலோமீட்டராக இருந்ததை மூன்றே வாரத்தில் 26 ஆக்கினேன். ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் வலது குதிகாலுக்கு மேலே விறைப்பு. பத்து நிமிடம் நடந்ததும் போய்விட்டது. ஓடும்போதும் வலி இல்லை. சரி, ஒன்றுமில்லை என்று இன்னும் இரண்டு வாரம் ஓடினேன். அப்புறம் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால் அந்த இடம் தடித்திருந்தது, அழுத்தினால் வலித்தது.

கெண்டைத்தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாண், அதாவது அக்கிலிஸ், இப்படித்தான் ஏமாற்றும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். உடம்பு சூடானதும் வலி அடங்கிவிடும். மறுநாள் காலைதான் கணக்கு கேட்கும். இதயமும் இரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அது வலுப்பட மாதக்கணக்கில் ஆகும். என் மூச்சு தயாராகிவிட்டதை வைத்து காலும் தயாராகிவிட்டது என்று நான் முடிவு செய்ததுதான் தவறு. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.

அவர் ஓட்டத்தை முழுவதுமாக நிறுத்தச் சொல்லவில்லை. தூரத்தைப் பாதியாக்கி, ஒரு பயிற்சி கொடுத்தார். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, முழங்காலை மடக்கி அதேபோல் மூன்று சுற்று, காலையும் மாலையும். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 180 தடவை. சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரட்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1998-ல் வெளியிட்ட முறை இது. அந்த ஆய்வில் இருந்த 15 பேரும், என்னைப் போலப் பொழுதுபோக்குக்கு ஓடியவர்கள், 12 வாரத்தில் மறுபடி பழைய அளவுக்கு ஓடத் தொடங்கினார்கள். எனக்கு 14 வாரம் ஆனது. சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு நாளும் விடவில்லை.

அதோடு கிடைத்த அளவுகோல் இன்றுவரை கூடவே இருக்கிறது. ஓடும்போது வலி பத்துக்கு ஐந்துக்குள் இருக்கலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். அதனால் தினமும் எழுந்து நடக்கும் முதல் பத்து அடிக்கு ஒரு எண் போட்டு நோட்டில் எழுதுகிறேன். கையில் கட்டியிருக்கும் வாட்ச் நூறு விஷயம் சொல்கிறது. எனக்கு உதவியது இந்த ஒரு எண்தான்.

இரண்டாவது அடி எட்டாம் மாதத்தில், கணைக்கால் எலும்பில். முன்பும் அங்கே வலித்திருக்கிறது, ஆனால் அது எலும்பின் ஓரமாக நீளமாகப் பரவிய வலி. இந்த முறை ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளி. ஒற்றைக் காலில் குதித்தால் அதே புள்ளி சுரீரென்றது. அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போனேன். ஸ்கேனில் விரிசல் இல்லை, ஆனால் எலும்பு அழுத்தம் தாங்காமல் உள்ளே வீங்கத் தொடங்கியிருந்தது. ஆறு வாரம் ஓட்டம் கிடையாது, சைக்கிள் மட்டும். நாணுக்குச் சுமை கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் வலுப்படும். எலும்பு இப்படிக் கூப்பிடும்போது சுமையை எடுத்துவிட வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் "வலியோடு கொஞ்சம் ஓடலாம்" என்ற விதியை இங்கேயும் பிடித்துக்கொண்டிருந்தால் விரிசலில் போய் முடிந்திருக்கும்.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்று எல்லோரும் சொல்வார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்து 2008-ல் முடிவு வெளியிட்டார்கள். பத்து சதவீத விதிப்படி மெதுவாகக் கூட்டிய குழுவிலும் மற்றக் குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டது. ஆகவே அந்த எண்ணை நான் வேதமாக எடுத்துக்கொள்வதில்லை. தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டுவதில்லை, தூக்கம் கெட்ட வாரத்தில் எதையுமே கூட்டுவதில்லை. என்னைக் காப்பாற்றியது இதுதான் என்று நம்புகிறேன்.

ஷூ பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். போட்டதும் சௌகரியமாக இருப்பதை வாங்கினேன், இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுகிறேன், அவ்வளவுதான். ஓடுவதற்கு முன் நின்ற இடத்தில் செய்யும் ஸ்ட்ரெச்சிங்கை விட்டுவிட்டு பத்து நிமிடம் நடக்கிறேன். ஓட்டத்தில் பெரும்பகுதி முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான். அந்த மெதுவான வேகத்துக்கு மனதைப் பழக்கத்தான் எனக்கு மிக அதிக நாள் ஆனது.

குதிகால் இறக்கும் பயிற்சியை இப்போதும் வாரம் இரண்டு நாள், முதுகில் எடை நிரப்பிய பையோடு செய்கிறேன். முழங்காலை மடக்கிச் செய்யும் பகுதியை ஒருபோதும் விடுவதில்லை. கெண்டைக்காலின் அடித்தசைக்கு அதுதான் வேலை கொடுக்கிறது, ஓடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையைத் தாங்குவது அந்தத் தசைதான். நான்கு வாரத்துக்கு ஒரு முறை தூரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். அடுத்தது அந்த வாரம், 22 கிலோமீட்டர் போதும். இன்று காலை நோட்டில் எழுதிய எண் பூஜ்யம்.