ஹெச்ஸ்டோரில் சதுர அடைப்பு: மூன்று வருஷப் புழக்கம்

எங்கள் ஜவுளிக்கடை மென்பொருளில் நிறம், துணி வகை, கரை போன்ற சில்லறை விவரங்கள் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரே ஹெச்ஸ்டோர் (சாவி-மதிப்பு ஜோடிகளை ஒன்றாக வைக்கும் டைப்) ஃபீல்டில்தான் கிடக்கின்றன. எந்த டைப்புக்கும் (தரவு வகைக்கும்) சதுர அடைப்பு வசதியை, அதாவது [ ] போட்டு உள்ளே இருப்பதை எடுக்கவும் வைக்கவும் வழியை, சேர்க்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் 14 வழிவிட்டது 2021-ல். கூடவே ஹெச்ஸ்டோருக்கும் ஜேசான்பிக்கும் (அடுக்கடுக்கான தரவை வைக்கும் jsonb டைப்) அது கிடைத்தது. நாங்கள் அதற்கு மாறி மூன்று வருஷம் ஆகிறது.

முதல் நாளே முட்டுக்கட்டை. சர்வர் 13-லிருந்து 14-க்கு ஏறிவிட்டது, ஆனால் "இந்த டைப்பில் அடைப்பு செல்லாது" என்றே பிழை வந்தது. அரை நாள் தேடிய பிறகுதான் உறைத்தது: டேட்டாபேஸுக்குள் ஹெச்ஸ்டோரைத் தரும் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் பொதி) இன்னும் 1.7-லேயே நிற்கிறது. அதை 1.8-க்கு அப்டேட் செய்ய தனியாக ஒரு கட்டளை. அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது எழுதும் பக்கம். பண்புகள்['நிறம்'] = 'மாம்பழ மஞ்சள்' என்று போட்டால் வேலை முடிந்தது. (பெயர்களைத் தமிழிலேயே வைத்தாலும் போஸ்ட்கிரெஸ் முகம் சுளிப்பதில்லை.) பழைய வழியில் இரண்டு குழாய்க்கோடு (||) போட்டு ஒட்டுவோம், ஃபீல்டு நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை) ஆக இருந்தால் விடையும் நல், புது நிறம் சத்தமில்லாமல் காணாமல் போகும். அடைப்பில் அந்தத் தொல்லை இல்லை, புது ஹெச்ஸ்டோர் தானாகவே பிறக்கிறது. ஆனால் நல் கொடுத்து ஒரு விவரத்தை அழித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மதிப்புதான் நல் ஆகும், சாவி அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

படிக்கும் பக்கத்தில் சூடுபட்டேன். அம்புக்குறி (->) போட்ட பழைய குவெரிகளை அழகுக்காக அடைப்புக்கு மாற்றினேன். மறுநாள் பில் போடும் திரை ஊர்ந்தது. தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் அம்புக்குறிக் கோவையின் மேல் போட்டது. நமக்கு இரண்டும் ஒன்று, குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பிளானருக்கு வேறு வேறு. அடைப்புக் கோவைக்கே இன்னொரு இன்டெக்ஸ் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. ஜேசான்பியில் ஜின் (GIN) என்ற வகை இன்டெக்ஸை நம்பி அடைப்பால் தேடினாலும் இதே கதிதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சைஸ் வாரியான கையிருப்புக்குச் சொந்தமாக ஒரு டைப் எழுதி, இருப்பு['எக்ஸ்எல்'] என்று கேட்க ஆசைப்பட்டேன். டைப்போடு அடைப்பைக் கையாளும் ஒரு ஹேண்ட்லர் ஃபங்ஷனைக் கட்டிவிட வேண்டும், எழுதுவது சி மொழியில். குவெரியை அலசும்போதே அடைப்புக்குள் இருப்பது சரியா என்று ஒரு பாகம் பார்க்கும். ஓடும்போது எடுப்பதையும் வைப்பதையும் இன்னொரு பாகம் கவனிக்கும். எடுப்பதில் ஸ்டிரிக்ட் கொடியை (ஒரு ஆம்/இல்லை அமைப்பு) ஏற்றிவிட்டால், நல் ஃபீல்டு நம் நிரல் வரை வரவே வராது. வைப்பதில் வரும்! அதைச் சோதிக்காமல் விட்டேன். நல் ஆக இருந்த ஒரே ஒரு வரிசையை அப்டேட் செய்ததில் பேக்எண்ட் (ஒரு இணைப்பைக் கவனிக்கும் சர்வர் புரோசஸ்) விழுந்தது. ஒன்று விழுந்தால் போஸ்ட்கிரெஸ் எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டுத்தான் மறுபடி எழும். சனிக்கிழமை மாலை, கடை நிறையக் கூட்டம், எல்லா கவுன்டரும் ஒரே நேரத்தில் நின்றன. திருத்தம் என்னவோ இரண்டே வரி.

நிர்வகிக்கப்படும் கிளவுட் டேட்டாபேஸ்களில் பொதுவாக நம் சி நிரலை ஏற்றவும் விடுவதில்லை. அதனால் என் டைப் இப்போது சொந்த சர்வர் வைத்திருக்கும் ஒரே கடையில் மட்டும் ஓடுகிறது. மற்ற கடைகளில் ஹெச்ஸ்டோரேதான். எழுத அடைப்பு, தேட அம்புக்குறி.