ஒட்டாவாவில் பார்த்த நிறைமாதக்காரி: கிளிம்ட்டின் ‘நம்பிக்கை 1’

மகளின் பேறுகாலத்துக்காகக் கனடா வந்திருக்கிறேன். வந்த இடத்தில், ஒட்டாவா தேசிய ஓவியக் கூடத்தில் ஆஸ்திரிய ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட் 1903-இல் வரைந்த ‘நம்பிக்கை 1’ என்ற ஓவியத்தைப் பார்த்தேன். பிரசவ வார்டில் 31 வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

உயரம் 189 செ.மீ., அகலம் வெறும் 67. கதவு நிலைக்குள் நிற்பதுபோல் ஒரு நிறைமாதக்காரி பக்கவாட்டில் நிற்கிறாள், உடம்பில் துணியில்லாமல். செம்பட்டை முடியில் சின்னச் சின்னப் பூக்கள். முதலில் கண்ணில் பட்டது கைதான். வயிற்று மேட்டில், மார்புக்குக் கீழே கோத்து வைத்திருக்கிறாள். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளி, ரத்த சோகையோடு வார்டுக்கு வரும் சின்னப் பெண்கள் இப்படித்தான் நிற்பார்கள். அந்த வெளுப்பைப் பார்த்ததும் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்க்கக் கை பரபரத்தது.

அவளுக்குப் பின்னால் மண்டையோடு, விகாரமான முகங்கள், கரிய மிருகம் ஒன்று. வயிற்றுப்பிள்ளைக்காரியைச் சாவு வீட்டுப் பக்கம் விடமாட்டோம். இங்கே சாவு வீடே அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக நம்மைப் பார்க்கிறாள். முதல் பிள்ளையைப் பறிகொடுத்து மறுபடி உண்டானவர்கள் அட்மிஷன் மேஜை முன் நின்று பார்க்கும் பார்வை அது. பயம் போய்விட்ட பார்வை இல்லை, பயத்தோடே வந்து நிற்கும் பார்வை. கிளிம்ட்டின் மகன் ஓட்டோ 1902-இல் பிறந்து அதே வருஷம் இறந்திருக்கிறான். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

இதை வாங்கிய வியன்னா செல்வந்தர் ஃபிரிட்ஸ் வேர்ன்டார்ஃபர், கதவு போட்டு மூடித்தான் வீட்டில் வைத்திருந்தாராம்.

பிரதி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ஆன்லைனில் நான் வாங்கியதில் மேலே இருந்த மண்டையோட்டையும் முகங்களையும் வெட்டிவிட்டார்கள். பூ வைத்த அழகான பெண் மட்டும் மிச்சம். பாதிப் படத்தை முழுப் படம் என்று விற்பது அநியாயம். திருப்பி அனுப்பிவிட்டேன். வாங்குமுன் அளவைச் சரிபாருங்கள். உயரம் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும்.

கூடத்துக்கு வெளியே சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் ‘மாமன்’ (பிரெஞ்சில் ‘அம்மா’) என்ற மாபெரும் வெண்கலச் சிலந்தி நிற்கிறது. வயிற்றுப் பையில் பளிங்கு முட்டைகள். உள்ளே போகுமுன் அதன் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்.

கர்ப்பிணிகள் பார்க்கலாமா? மகளுக்கு 37-ஆவது வாரம். பயந்து அவளை முன்கூடத்திலேயே உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது, "என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல அம்மா" என்றாள். கூட்டிப் போயிருக்க வேண்டும். வரும் வியாழக்கிழமை இருவருமாகப் போகிறோம்.