டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருக்கும் கடைக்காரர்களே, என் 18,500 ரூபாய் போன கதை

வயிறு எரிய எரிய எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் எங்களுக்குப் பருப்பு, சீனி மொத்த வியாபாரம். பில் அடிப்பது மூன்று பிரதி விழும், ஓரத்தில் துளை போட்ட தொடர்தாளில். வங்கிக் கடிதங்கள் தனித்தாளில். இரண்டுக்கும் ஒரே எப்சன் எல்எக்ஸ் 310, ஊசிகளால் மை நாடாவில் குத்தி எழுத்தைப் பதிக்கும் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர். தாளை மாற்றி மாற்றிச் சலித்துப்போய், கொம்பியூட்டர் திருத்தும் கடையொன்றிலிருந்து ஒருவரை வரவழைத்தேன்.

"முதலாளி, ஒரு போர்ட் மாற்றி ஓட்டோ போட்டுவிட்டால், எந்தத் தாள் என்று பிரிண்டரே பார்த்துக்கொள்ளும்" என்றார். போர்ட் என்றால் பிரிண்டருக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை. ஓட்டோ என்றால் எனக்குத் தெரிந்தது மூன்று சில்லு வண்டிதான். நான் பிளேன்டீ வாங்கப் போய் வருவதற்குள் "போர்ட் மாற்றியாகிவிட்டது" என்றார். பிரிண்டரை அணைத்து, ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தபடி மீண்டும் போட்டார். வரிவரியாக எழுத்துகள் முத்து முத்தாக விழுந்தன. அதைப் பார்த்துத்தான் லாச்சியைத் திறந்து 18,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டைப் பிறகு அனுப்புவதாகச் சொன்னார்.

அது பிரிண்டர் தன்னைத்தானே சோதிக்கும் அச்சு. கணினிக் கம்பியைக் கழற்றிவிட்டாலும் அப்படியேதான் விழும். எனக்கு அப்போது தெரியவில்லை.

அன்று மாலை முதல் பில் சரி. இரண்டாவது கொஞ்சம் கீழே. அடுத்ததில் மொத்தத் தொகை கிழிக்கும் கோட்டின் மேலேயே விழுந்தது. வெளியே லொறிக்காரர் ஹோன் அடிக்கிறார், நான் கையால் பில் எழுதுகிறேன்.

அழைத்தேன். "உங்கள் பேப்பர் தரமில்லை." மறுநாள், "வின்டோஸ் அப்டேட் ஆகியிருக்கும்." அதற்கு மறுநாள் கடையில் ஒரு பெண் எடுத்து, "அவர் இப்போது எங்களிடம் வேலை செய்வதில்லை" என்றார். வட்ஸ்அப்பில் நீலக்குறி விழுகிறது, பதில் விழவில்லை.

நேற்றிரவு அக்கா மகன் வந்து பார்த்தான். கணினி ஏ4 என்று 297 மில்லிமீட்டர் அனுப்புகிறது. எங்கள் தாள் 11 அங்குலம், 279தான். ஒவ்வொரு பில்லும் 18 மில்லிமீட்டர் இறங்காமல் என்ன செய்யும்? ஒன்பதரைக்கு 11 அங்குலம் என்று புதிய தாள் அளவொன்றை உருவாக்கி, அதை ட்ராக்டர் பாதையோடு, அதாவது ஓரத் துளைகளைப் பிடித்துத் தொடர்தாளை இழுக்கும் வழியோடு, இணைத்தான். பத்து நிமிடம். ஓட்டோ என்பது இவ்வளவுதானாம்: எந்த அளவுக்கு எந்தப் பாதை என்று நாம் குறித்து வைத்ததைக் கணினி பார்த்துக்கொள்ளும். தொடர்தாளைப் பின்னுக்கு அனுப்பி, தாள் பாதையை மாற்றும் லீவரைத் தள்ளுவது எங்கள் கைவேலை. எந்தப் போர்ட் மாற்றினாலும் இந்தப் பிரிண்டரில் அந்த லீவர் தானாக நகராது.

மூடியையும் கழற்றிப் பார்த்தோம். போர்ட்டின் திருகாணிகளில் பருப்புத் தூசி கலையாமல் அப்படியே இருந்தது. தொடக்கூட இல்லை! 18,500 ரூபாய்!

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. சோதனைக்கு உங்கள் சொந்த பில்லையே அடிக்கச் சொல்லுங்கள், தொடர்ந்து பத்து. கழற்றிய பழைய போர்ட்டைக் கையில் வாங்குங்கள். பற்றுச்சீட்டு வராமல் காசைக் கொடுக்காதீர்கள்.

இப்போதும் ஒருமுறை அழைத்துப் பார்த்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.