டொயோட்டா ஜிஆர்86 ஸ்போர்ட்ஸ் காருக்கு 17 இன்ச் ரிம்மா, 18-ஆ?

காரைத் தாழ்த்துற லோயரிங் ஸ்பிரிங் போடப்போறேன், ரிம் எது எடுக்கன்னு குழம்புறவங்களுக்கு: ரெண்டுமே இந்தக் காருக்கு கம்பெனி சைஸ்தான்.

சைடுவால் (ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல உள்ள டயர் உயரம்): 17-ல 215/45, அதாவது 215 மிமீ அகலத்துல 45 சதவீதம், கிட்டத்தட்ட 97 மிமீ. 18-ல 215/40, 86 மிமீதான்.

விலை: 17 டயர் பொதுவா மலிவு.

சொகுசு: ஸ்பிரிங் 25 மிமீ இறக்கினா சஸ்பென்ஷன் அமுங்க இடம் கம்மி, மிச்ச அடியை டயர்தான் வாங்கணும், எச்டிபி (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) கார்பார்க் ஹம்ப்ல 18 போட்டவங்க இடுப்பைப் பிடிச்சுக்குவாங்க. ரோட்டோரக் கெர்ப்ல உரசினா ரிம்முக்கும் கோடு.

ஸ்டியரிங்: 18 டக்குனு திரும்பும், பார்க்கவும் கெத்து.

தினமும் வேலைக்கு, அப்பப்ப மலேசியாவோட செப்பாங் ரேஸ் டிராக்குன்னா 17. ஞாயித்துக்கிழமை கோப்பி குடிக்க மட்டும் எடுக்கிறவங்க தாராளமா 18. எதுவானாலும் ஸ்பிரிங் போட்டதும் அலைன்மென்ட் (சக்கரக் கோணம்) பாத்துடுங்க லா, இல்லன்னா டயர் உள்பக்கமா தேயும், வெளியே நின்னு பாத்தா தெரியவே தெரியாது.