பெற்றோல் இறங்காத பழைய கார்: எந்த வைத்தியம் முதலில்?

2022 இல் இலங்கையில் தட்டுப்பாடு வந்து, போனில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் அடித்த காலம். காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். வரிசையில் மணிக்கணக்காய் நகர்ந்து பம்படிக்கு வந்தால், என் பழைய நிசான் சன்னிக்கு இரண்டு லீற்றர்கூட ஒரு மூச்சில் இறங்காது. 'டக்' என்று நொசில், அதாவது காருக்குள் விடும் பம்பின் முனை, நிற்கும். பொடியன் திரும்ப அழுத்துவான். திரும்பவும் 'டக்'. பின்னால் ஹோண் சத்தம். "அண்ணை, தாங்கி நிறைஞ்சிட்டுது போல" என்றான். பெற்றோல் காட்டும் முள்ளு சிவப்புக் கோட்டில் படுத்துக் கிடந்தது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். நொசிலைச் சரித்துப் பிடி, பிறீதர் குழாயை (தாங்கிக் காற்று வெளியேறும் சின்னக் குழாய்) பார், சார்க்கோல் கனிஸ்ரரை (பெற்றோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரப்பிய டப்பா) மாற்று, தாங்கியையே இறக்கிக் கழுவு. நாலில் மூன்றைச் செய்து பார்த்தவன் நான். எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கைத்தான் பிழைவிட்டேன்.

நொசில் ஏன் நிற்கிறது என்பது விளங்கினால் பாதிக் காசு மிச்சம். அதன் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. பெற்றோல் ஓடும் வேகத்தில் அந்தத் துளைவழியே காற்று இழுபட்டுக்கொண்டே இருக்கும். பெற்றோல் மட்டம் எழும்பித் துளையை மூடியதும் காற்று நிற்கும், உள்ளே இழுவை கூடும், அது ஒரு மெல்லிய சவ்வை இழுத்து விசையை விடுவித்துவிடும். தாங்கி நிறைந்ததா, மூடியடியில் இருந்து தாங்கிக்குப் போகும் கழுத்துக்குழாய்க்குள்ளேயே பெற்றோல் தேங்கியதா என்று நொசிலுக்குத் தெரியாது. ஒரு லீற்றர் உள்ளே போக ஒரு லீற்றர் காற்று வெளியே வந்தாகவேண்டும். பம்ப் நிமிடத்துக்கு 30, 40 லீற்றர் தள்ளக்கூடியது. போத்தலை வாளித் தண்ணிக்குள் அமுக்கினால் களக் களக் என்று திணறுமே, அதே கதைதான். அடைபட்டிருப்பது பெரும்பாலும் பெற்றோல் போகும் வழியல்ல, காற்று வரும் வழி.

முதலில் காசு செலவில்லாதது: நொசிலை ஓரிரு அங்குலம் வெளியே இழுத்து, கொஞ்சம் திருப்பி, அரை அழுத்தில் அடிப்பது. பெரும்பாலும் பலன் தரும், அன்றைக்கு மட்டும். வரிசையில் நிற்கும்போது வேறு வழியுமில்லை. ஆனால் இதையே பழக்கமாக்கி, உண்மையிலேயே தாங்கி நிறைந்த பிறகும் 'டக்' 'டக்' என்று இன்னும் அரை லீற்றர் ஏற்றுவது கூடாது. பெற்றோல் ஆவி போகும் குழாய்க்குள் பெற்றோலே இறங்கி, கனிஸ்ரரை நனைத்துவிடும். இல்லாத வருத்தத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகும். ஒருமுறை வேறு பெற்றோல் செட்டிலும் அடித்துப் பாருங்கோ. அங்கே ஒழுங்காக இறங்கினால் பிழை காரில் இல்லை.

உண்மையான போட்டி கனிஸ்ரருக்கும் பிறீதர் குழாய்க்கும் இடையில்தான்.

இணையத்தில் தேடினால் பத்துக்கு எட்டுப் பேர் கனிஸ்ரரையும் அதன் வால்வையும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பிழையில்லை, கார்தான் வேறு. அமெரிக்காவில் 1998 தொடக்கம் படிப்படியாக, பெற்றோல் அடிக்கும்போது கிளம்பும் ஆவியையும் காருக்குள்ளேயே பிடிக்கவேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்தக் கார்களில் தாங்கிக் காற்று முழுவதும் கனிஸ்ரர் வழியாகத்தான் வெளியேறும், அது அடைத்தால் நொசில் நிற்கும். எங்கள் ஊரில் ஓடும் தொண்ணூறுகளின் யப்பான் கார்களில், அடிக்கும் நேரத்துக் காற்று கழுத்துக்குப் பக்கத்தாலே வரும் பிறீதர் குழாயால் ஏறி, நொசில் வாயடியிலேயே வெளியே போய்விடும். கனிஸ்ரர் மற்ற நேரத்து மூச்சுக்கு.

இது தெரியாமல் நான் பழைய கார்ச் சாமான்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த கனிஸ்ரர் ஒன்று எடுப்பித்தேன். பஸ்ஸில் வந்து சேர்ந்தது, பூட்டினோம், அடுத்த கிழமை செட்டுக்குப் போனால் அதே 'டக்'. அந்தக் காசுக்குப் பிறீதர் குழாய் பல முழம் வாங்கியிருக்கலாம்.

கனிஸ்ரர் பக்கத்துப் பிழைக்கு அடையாளம் வேறு. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று பலமாய்க் காற்று இழுபடும், எஞ்சினடியில் பெற்றோல் மணக்கும், சில கார்கள் தூரம் ஓடியபின் திணறும். அதெல்லாம் இருந்தால் கனிஸ்ரரைப் பாருங்கோ. அடிக்கும்போது மட்டும்தான் கரைச்சல் என்றால் பெரும்பாலும் பிறீதர் குழாய்தான்.

சோதிப்பது லேசு. தாங்கி பாதிக்குக் கீழே இருக்கவேண்டும், எஞ்சின் ஆறியிருக்கவேண்டும், கிட்ட நெருப்போ சிகரட்டோ கூடாது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பிறீதர் குழாயின் மேல்முனையைக் கழற்றி, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடியுங்கோ. கொம்பிரசர் வேண்டாம், வாயால் உறிஞ்சவும் வேண்டாம். தடையில்லாமல் போய், பெற்றோல் வாயால் காற்று வரவேண்டும். என்னுடையதில் பம்புப் பிடியே இறங்கவில்லை. காரை ஜக்கில் தூக்கி ஸ்ராண்ட் வைத்துவிட்டுப் படுத்துப் பார்த்தால், குழாய் தாங்கிக்குக் கிட்ட வாழைத்தண்டை முறித்ததுபோல மடிந்து கிடந்தது. முந்தின வருடம் ஒரு கராஜில் பின்பக்கத்துக்கு ரிங்கர் வேலை (நெளிவெடுப்பு) செய்வித்தேன், பூட்டும்போது மடித்துவிட்டிருக்கிறார்கள். புதுக்குழாய், இரண்டு கிளிப், அரை மணித்தியாலம். குழாய் வாங்கும்போது பழைய துண்டைக் கொண்டுபோய் அளவு பார்த்து, பெற்றோலுக்கென்றே வரும் றப்பரைக் கேளுங்கோ. தண்ணிக்குப் பாவிக்கும் பிளாஸ்ரிக் குழாய் விறைத்து வெடித்துவிடும்.

தாங்கியை இறக்குவது கடைசி. கடலோரம் நிற்கும் காரென்றால் உப்புக் காற்றில் கழுத்துக்குழாய் உள்ளே கறள் பிடித்துப் பொருக்கு விழும், அப்போது நியாயம். அதற்கும் முதலில் கழுத்தைக் கழற்றி உள்ளே பாருங்கோ, தாங்கியைத் தொடாமலே முடிந்துவிடும்.

மொறிஸ் மைனர் போன்ற மிகப் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கனிஸ்ரர் சண்டையே இல்லை. 1990 களில், வடக்கில் பொருளாதாரத் தடைக்குள், ஸ்ரார்ட் பண்ண மட்டும் ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்குப் போத்தலும் புனலும்தான் பம்ப். இன்றைய நொசிலின் வேகத்துக்குத்தான் அந்தத் தலைமுறை திணறுகிறது, மெல்ல அடித்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கோ: மூடி தொலைந்து வேறு மூடி போட்டால் அதில் மூச்சுத் துளை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே போகாமல் பெற்றோல் வருவது நின்றுவிடும். அப்படியான மூடியைப் போட்டுவிட்டு, கொஞ்சத் தூரம் போய் நின்ற காருக்குக் காபரேற்றரைப் பிரித்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

காரில் இருந்து கழற்றிய என் முதல் கனிஸ்ரர் இன்னும் கொட்டிலுக்குள் கிடக்கிறது. அது நல்லதுதான் என்று இப்போது தெரிகிறது.